பிருடை

ஜனவரி 6, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நேற்றுப் பிடித்து வைத்ததில் குளித்துவிட்டு ஓடினேன். இவருக்குத் தோசை மட்டும்தான், சட்னி இல்லை.

ஹெச்.எம். ஜெசிந்தா மேடம் கூட்டம் போட்டார். ஆண்டு விழா பிப்ரவரி பதினைந்து. மூன்றாம் வகுப்பின் சேர்ந்திசை வழக்கம்போல என் பொறுப்பு. "போன வருஷம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்கன்னா நான் மேடைய விட்டு எறங்கிப் போயிருவேன், வசுமதி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

நானே எழுதி மோகனத்தில் அமைத்த மழைப் பாட்டை எடுத்திருக்கிறேன். முதல் நாள் வேலை எப்போதும் சுருதி சேர்ப்பது. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைப்பேன். ஸா பிடிக்கச் சொல்வேன். குரல் இறங்கி நின்றால் காது மடலை இரு விரலால் பிடித்து, சுருதி வந்து சேரும்வரை மெல்ல முறுக்குவேன். வீணையில் தந்தியை இழுத்துக் கட்டப் பிருடையை முறுக்குகிறோமே, அதுபோல. குரல் ஏறி ஸட்ஜத்தில் உட்காரும் கணத்தில் விட்டுவிடுவேன். வலி என்று அதைச் சொல்ல முடியாது. பிள்ளைகளே அதற்குப் 'பிருடை' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். இசைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தராத முறை. நானே கண்டுபிடித்தது.

கணக்கு டீச்சர் ரெஜினா சொன்னாள்: "உங்க க்ளாஸ்ல மட்டும் எறும்பு நடந்தாக்கூடக் கேக்குது டீச்சர்." சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 8, புதன்

தனிக்குரலுக்குக் கனிஷ்காவைத் தேர்ந்தெடுத்தேன். லோடு ஆட்டோ ஓட்டும் பால்பாண்டியின் மகள். ஒல்லியான உடம்பில் அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தனிக்குரல் அவளுக்குத்தான் என்றதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் அப்பா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க டீச்சர். நல்லா வந்தாச் சரி." இப்படி ஆசிரியரை நம்பும் பெற்றோர் இப்போது குறைவு.

மதியம் வராந்தாவில் பிள்ளைகள் 'பாட்டு மிஸ்' விளையாட்டு விளையாடினார்கள். சிவரஞ்சனி நானாம். தோளில் துப்பட்டா மாதிரி கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தியின் காதை முறுக்கினாள். அவள் "ஸாஆ" என்று கீச்சிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிவரஞ்சனி அவள் கன்னத்தில் பளீரென்று அறைந்தாள்.

"ஏன்டி அடிச்ச?" என்றேன்.

"விளையாட்டுல அது வருது மிஸ்" என்றாள்.

மணி அடிக்கும்வரை அவளை வெயிலில் நிறுத்தினேன். இந்தக் கெட்ட பழக்கமெல்லாம் எங்கிருந்துதான் கற்கிறார்களோ.

ஜனவரி 10, வெள்ளி

ஒத்திகை சரியில்லை. ஹெச்.எம். வந்து கதவருகே நின்றிருந்த நேரம் பார்த்து, கனிஷ்கா மேல் ஸாவில் மறுபடி மறுபடி இறங்கினாள். வேண்டுமென்றே செய்கிறாளோ என்று தோன்றியது. ஹெச்.எம். பாதியிலேயே திரும்பிப் போனார். அவர் போனபின் கண்டித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றாள்.

வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். சரி என்று தலையாட்டினாள்.

உள்ளங்கை எரிகிறது. காலையில் பச்சை மிளகாய் நறுக்கியதாலாக இருக்கும்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் முடிந்து மாட்டுப் பொங்கல். மகன் பிரணவ் வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் இடமில்லையாம், பரீட்சையாம். வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டான். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்கிறான், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பாணி. இவர் போனை என் பக்கம் திருப்பியதும், "சரிப்பா, மெஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டான்.

சர்க்கரைப் பொங்கல் மீந்துவிட்டது. பள்ளி ஆயா முனியம்மாவுக்கு ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 20, திங்கள்

கனிஷ்கா இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். சளி பிடித்திருக்கும். தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வலது காதைச் சுருதிப் பெட்டிக்கு நீட்டியபடி நிற்கிறாள். மேடையில் அப்படி நின்றால் அசிங்கமாக இருக்கும். நேராக நில் என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். நேராக நின்றால் சுருதி போய்விடுகிறது. வலது காதில் ஒரு பிருடை வைத்தேன். குரல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

பின்வரிசைக்கு மாற்றினேன்.

ஜனவரி 23, வியாழன்

முனியம்மா பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது கனிஷ்காவின் காதிலிருந்து நாற்றம் வருவதைக் கவனித்திருக்கிறாள். பஞ்சு மஞ்சளாகியிருந்தது. பிள்ளையின் அம்மா பொங்கலுக்குத் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். காது வலிக்கிறது என்று பிள்ளை அழுததும் பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டிருக்கிறாள். படிக்காதவர்கள் செய்யும் வேலை. ஹெச்.எம். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்.

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம்.

ஜனவரி 27, திங்கள்

மதிய இடைவேளையில் முனியம்மா வந்தாள். "கனிஷ்கா அம்மா வந்திருக்கு டீச்சர். உங்களத்தான் பாக்கணுமாம்."

வராந்தாத் தூணருகே முத்துச்செல்வி நின்றிருந்தாள். சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியிருந்தாள். பேசுவதற்காகத் தலைப்பை எடுத்தாள். ஒரு கண் முழுவதும் மூடிக்கொண்டிருந்தது. கீழுதட்டில் தையல். கறுப்பு நூலின் நுனி ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடியது.

"பெரியாஸ்பத்திரில காது டாக்டர் பாத்தாரு டீச்சர். செவிப்பறை கிழிஞ்சிருக்காம். அடி விழுந்தாத்தான் இப்படிக் கிழியுமாம். யாரு அடிச்சதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு என்னையப் பாத்தாரு."

நான் வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நானும் அடிச்சேன்தான். பொங்கலுக்கு முந்துன வெள்ளிக்கெழம, பால யூனிபார்ம்ல கொட்டிட்டா. ஒண்ணு வச்சேன். முதுகுலன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப முதுகுலயா கன்னத்துலயான்னு எனக்கே தெரியல. அவரு தெனமும் கேக்குறாரு. கேட்டுக் கேட்டு அடிக்கிறாரு. அடி வாங்க வாங்க, கன்னத்துலதான் வச்சேனோன்னு தோணுது டீச்சர்."

"பாப்பா என்ன சொல்றா?"

"அது வாயவே தொறக்க மாட்டேங்குது."

மூச்சு கொஞ்சம் இலகுவானது. வராந்தாவில் அப்போதுதான் காற்று வர ஆரம்பித்தது.

"நீங்க சொன்னாக் கேப்பாரு டீச்சர். உங்க மேல அவ்வளவு மரியாத. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பிள்ளயக் கொல்லுற பொம்பள இல்ல இவன்னு சொல்லுங்க. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்."

பார்க்கலாம் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வலது கையை இடது கைக்குச் சமமாக உயர்த்த அவளால் முடியவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

வாஷிங் மெஷின் ரிப்பேர். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 31, வெள்ளி

தனிக்குரலைச் சிவரஞ்சனிக்குக் கொடுத்தேன். தட்டையான குரல், ஆனால் சொன்னபடி கேட்கிறாள்.

கனிஷ்கா வாரம் முழுக்க வரவில்லை. அவள் வீடு முனியம்மாவின் தெருவில்தான். நேற்று பால்பாண்டி வண்டியின் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு மனைவியைத் தெருக்குழாய்வரை விரட்டியிருக்கிறான். குடத்தோடு நின்ற பெண்கள் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார்கள். "ஒரு பொம்பளைக்குக் கை மணிக்கட்டு போயிருச்சு டீச்சர். செல்வி சாக்கட ஓரமா ஒக்காந்து, நான்தான் அடிச்சேன், நான்தான் அடிச்சேன்னு கத்துது. இவன் இன்னும் போடுறான்."

இதைச் சொல்லிவிட்டு முனியம்மா போகவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு என் கைகளைப் பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு, அந்த வெள்ளிக்கிழமை, அவள் வகுப்பு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

"போய் வேலையப் பாருங்க" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இவர் சாப்பிடும்போது கேட்டார்: "என்ன, ஒரு மாதிரி இருக்க?" வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காது சரியில்லை என்றேன். எப்படி என்றார். வீட்டில் அடித்துவிட்டார்கள் என்றேன். இவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு அப்பளம் கேட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று யாருக்கும் பிருடை வைக்கவில்லை. பாட்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். வழக்கத்தைவிட அமைதியாகப் பாடினார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை முழுக்க மாவு அரைத்தேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன். துவைக்க வேறெதுவும் இல்லை என்றானபின் ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பால்பாண்டி பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டான். பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கிவந்து மூடியைத் திறந்து கையில் கொடுத்தான். முத்துச்செல்வி அடுப்பருகே சுவரோடு உட்கார்ந்திருந்தாள். கனிஷ்கா கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையிலிருந்த சந்தில் நின்றாள்.

"நீங்க வந்தது பெரிய விசயம் டீச்சர். நீங்களே சொல்லுங்க. பெத்தவளே பிள்ள காதக் கிழிச்சிருக்கா. பச்சப் புள்ளய அடிக்கலாமா?"

என்ன பேச வேண்டும் என்று வழிநெடுக யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை. "அடிக்கக் கூடாது" என்றேன்.

"கேட்டியாடி" என்று திரும்பினான்.

முதல் அடியைக் கையிலிருந்த துண்டாலேயே அடித்தான். பிறகு முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். பாத்திரங்கள் அலமாரியிலிருந்து விழுந்தன. "டீச்சரே சொல்றாங்க" என்றான். மறுபடி மோதினான். "படிச்சவங்க சொல்றாங்க, கேட்டுக்க." தையல் பிரிந்து அவள் தாடையில் ரத்தம் இறங்கியது. அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்காகப் பேச வந்தவளை. நான் கலர் பாட்டிலைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவங்க இல்ல" என்றேன். "நான்தான் அடிச்சேன்."

அவன் நின்றான். மூச்சு வாங்க, மனைவியின் முடியை விடாமலே, இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடுவதுபோலக் குனிந்தான்.

"பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. இந்த நாய்க்காக நீங்க எதுக்குப் பழி ஏத்துக்கறீங்க? ஏய், பாருடி. உன்னயக் காப்பாத்த டீச்சர் பொய் சொல்றாங்க. அவங்களப் பொய் சொல்ல வச்சிட்டியேடி."

அதற்கும் சேர்த்து அடித்தான். எட்டி வயிற்றில் உதைத்தான். நான் சொன்ன உண்மைக்கும் அவள்தான் அடி வாங்கினாள்.

வேறு சாட்சி அந்தச் சந்தில்தான் நின்றது. "கனிஷ்கா, இங்க வா. நீ சொல்லு" என்றேன். வகுப்பில் வரும் குரல்தான் வந்தது. கை தானாக நீண்டது.

அவள் வந்தாள். என் முழங்காலருகே வந்து தலையைச் சாய்த்து, நல்ல காதை என் விரல்களுக்கு நேராகக் கொடுத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு ஸா பாடினாள். சுருதியில்லை. இல்லையென்று தெரிந்து மேலே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். குரல் உடைந்தது. உடைந்த நொடியில் இரண்டு கைகளாலும் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு தரையில் ஒடுங்கினாள்.

"அப்பாட்ட சொல்லல மிஸ்" என்றாள். "யார்ட்டயும் சொல்லல. என்னைப் பாட்டுல இருந்து எடுத்துராதீங்க."

தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன் என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். பேசியது இதைத்தான்.

பால்பாண்டியின் கை முடியை விட்டது. மகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அந்த அறையில் உட்கார்ந்திருக்க எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான்.

"சரி விடுங்க டீச்சர். நீங்க அடிச்சது படிப்புக்காகத்தான். நானே சொன்னதுதானே. கலரக் குடிங்க."

சுவரோரத்திலிருந்து முத்துச்செல்வி கேட்டாள்: "அப்ப நான் வாங்குனது எதுக்கு?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துத் திரும்பக் கேட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஹெச்.எம்.மிடம் நானே போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "அந்த ஆளே போன் பண்ணி, ஒண்ணும் பிரச்சின இல்ல, டீச்சர எதுவும் சொல்லிராதீங்கன்னுட்டாரு. அப்பறம் எதுக்கு நீங்களா கெளப்புறீங்க? ஆண்டு விழா முடியட்டும். அதுவரைக்கும் கைய மட்டும் கொஞ்சம் கட்டி வைங்க, வசுமதி."

ரெஜினா டீ கொண்டுவந்து கொடுத்தாள். "நாம வாங்காத அடியா டீச்சர். எங்கப்பா என்னைக் கெணத்துல தலகீழாத் தொங்கவிட்டாரு. நான் கணக்குல சென்டம். மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

எல்லாரும் என்னை மன்னிக்கிறார்கள். கேட்காமலே மன்னிக்கிறார்கள்.

வீட்டில் இவரிடமும் சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்தார். "பிரணவுக்கும் இதே காதுதானே" என்றார். குரலை உயர்த்தவில்லை.

குக்கர் வைத்திருந்தேன். எழுந்து போனேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

முதல் மணிக்கு முன்பே முத்துச்செல்வி பள்ளிக் கேட்டில் நின்றாள். கனிஷ்காவைக் கையில் பிடித்திருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடவில்லை.

"டாக்டர் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு. யாரு அடிச்சதுன்னு சொன்னா எழுதி ஸ்டேசனுக்கு அனுப்புவேன்னு அன்னைக்கே சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு வேணாங்கிறாரு. எனக்கு வேணும். நான் சொன்னா, புருசன் அடிச்சதுக்கு டீச்சர் மேல பழியப் போடுதுன்னுதான் சொல்லுவாங்க. நீங்க வந்து உங்க வாயால சொல்லுங்க."

"ஹெச்.எம்.கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்றேன்.

"சொல்லிட்டு வாங்க. நிக்கிறேன்."

அவள் நிற்கும் விதத்தைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அப்படியே பஸ் ஏறினோம். கனிஷ்காவை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவளுக்கும் எனக்கும் நடுவில் முத்துச்செல்வி உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்புக்கு இந்நேரம் பாட்டு நேரம். யாரும் போகாவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். விளையாடுவார்கள்.

வரிசை நீளம். டாக்டர் இளைஞர், அவசரக்காரர். கனிஷ்காவின் காதில் விளக்கடித்துப் பார்த்தார். மடலை அவர் தொட்டதும் அவள் வாய் தானாகத் திறந்தது. அவர் "வலிக்குதா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டாள்.

"ஓட்டை அப்படியே இருக்கு. சீழ் காயட்டும். தானா மூடலைன்னா ஆபரேசன். கேட்கிறது இப்பப் பாதிதான். எப்படி அடிபட்டுச்சுன்னு இப்பவாவது சொல்றீங்களா?"

முத்துச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த பஞ்சுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் அடிச்சாங்க" என்றேன்.

"கையாலயா?"

"கையால."

"ஒரு அடியா?"

"இல்ல."

"டீச்சர் பேரு?"

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். பள்ளியின் பெயரையும் சொன்னேன். அவர் எழுதி முடித்து, "போலீஸ்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. அப்புறம் பின்வாங்கக் கூடாது" என்று முத்துச்செல்வியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் பேனாவை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?"

கேள்வி சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, கனிஷ்கா வலது காதை அவர் பக்கம் திருப்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"எங்க பாட்டு மிஸ்."